ஞாயிற்றுக்கிழமை அடித்த ஆணி

மோட்டுலோவா தீவில் ஞாயிற்றுக்கிழமை அடித்த ஆணி, திங்கட்கிழமை விடியற்காலை முரசு ஒலிக்கும்போது தானாகக் கழன்று தரையில் விழும். ஆணி வளைந்திருக்காது, பலகையில் ஓட்டையும் இருக்காது. டோங்கா நாட்டின் வடகோடித் தீவுகளில் ஆணி எப்போதுமே யானை விலை என்பதால், விழுந்ததைப் பொறுக்கி அன்றைக்கே மறுபடி அடித்துக்கொள்வார்கள். முதல் அரசர் ஒரு பிடி மண்ணை அள்ளி வானத்துக்கு நீட்டி, இந்த நாடு இனிமேல் கர்த்தருடையது என்று ஒப்படைத்த கதை எல்லாத் தீவுகளுக்கும் தெரியும். அதன் பிறகு அவர் நாட்டுக்கு ஒரு சட்டம் எழுதினார். ஓய்வுநாள் என்றென்றைக்கும் பரிசுத்தமாக இருக்கும், அன்று செய்த ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று அதில் ஒரு பிரிவு. தலைநகரத்தில் அதை வக்கீல்கள் படித்து, பத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மோட்டுலோவாவில் அதைப் போதகர் பிரசங்க மேடையிலிருந்து வாசித்தார், ஊரே எழுந்து நின்று ஆமென் சொன்னது. அந்த ஆமென் கொஞ்சம் அழுத்தமாக விழுந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமையே முதல் ஆணி கழன்றது.

ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறினார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னிய வலை மறுநாள் நூலாகக் கிடந்தது. பாகப் பிரிவினை செய்துகொண்ட இரண்டு சகோதரர்களின் எல்லைக் கற்கள் விடிவதற்குள் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டன. வெளியிலிருந்து வந்த கொப்பரை வியாபாரி ஒருவர் ஊர் தூங்கும் நேரம் பார்த்து ரகசியமாகச் சரக்கு வாங்கினார். மறுநாள் கொப்பரை கொட்டகையில் இருந்தது, பணம் அவர் பெட்டியில் இருந்தது, அவர் தலையில் அடித்துக்கொண்டு கப்பலேறினார். இளவட்டங்கள் மட்டும் இதில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார்கள். கல்யாணம் செய்துகொள்வதாகச் சத்தியம் செய்ய அவர்கள் தேர்ந்தெடுத்தது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைத்தான். பெண்களும் சீக்கிரமே விவரமாகிவிட்டார்கள். "நாளைக்கு வந்து இதையே சொல்லு, கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். சனிக்கிழமையே சேம்பிலையில் கட்டி வைத்த பொதிகளை ஞாயிறு காலையில் மண்ணடுப்பில் இறக்கி மூடுவது மட்டும் வேலைக் கணக்கில் வரவில்லை. அது ஏன் என்று யாரும் கிளறவில்லை, எல்லோருக்கும் பசித்தது.

எது நிற்கும், எது நிற்காது என்பதும் போகப்போகத் தெளிந்தது. வாஹா என்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்னை ஏறி, இளநீர் பறித்து, தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். எலும்பு வைத்தியர் மனமிரங்கி அன்றைக்கே கட்டுப் போட்டார். திங்கட்கிழமை பார்த்தால் இளநீர் மரத்தில் இருந்தது, கட்டு அவிழ்ந்து கிடந்தது, கால் மட்டும் முறிந்தபடியே இருந்தது. ஏறியது வேலை, அது செல்லாது. கட்டியதும் வேலை, அதுவும் செல்லாது. விழுந்தது வேலை இல்லையே. வைத்தியர் திங்கட்கிழமை மறுபடி கட்டினார், அது நின்றது. வாஹா கடைசிவரை லேசாக நொண்டினார், கேட்டவர்களுக்கெல்லாம் சட்ட விளக்கம் சொன்னார்.

அதேபோல், கர்த்தருக்கென்று செய்தது நிற்கும். ஞாயிறு ஆராதனையில் பாடிய பாட்டு கோயில் தூண்களில் ஏறி, வாரம் முழுவதும் அங்கேயே இருக்கும். புதன்கிழமை மத்தியானம் போய்த் தூணில் காதை வைத்தாலும் மெல்லிசாகக் கேட்கும். அடுத்த ஞாயிறு புதுப் பாட்டு ஏறும்போதுதான் பழையது இறங்கும். மனசில்லாமல் வாயால் மட்டும் பாடியது ஏறாது. இதனால் பாடகர் குழுத் தலைவர் ஃபேகிக்கு ஒரு தலைவலி இருந்தது. அந்தத் தலைவலியின் பெயர் பெனிசிமானி.

பெனிசிமானி அந்த ஊரின் அதிகாரி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கைதூக்கித் தேர்ந்தெடுக்கும் பதவி அது. அவரை நான்காம் முறையாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், ஏனென்றால் வேறு யாருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்கிறது, எந்தப் பையன் கடலில் குதிக்கிறான், யார் துணி உலர்த்துகிறார்கள் என்று சுற்றி வந்து பார்த்து அபராதம் விதிப்பது அவர் பொறுப்பு. ஆணிதான் திங்கட்கிழமை கழன்றுவிடுகிறதே, அபராதம் எதற்கு என்று கேட்பவர்களிடம், "ஆணி கழலும், நீ அடிச்ச சத்தம் என் காதுல விழுந்தது கழலாது" என்பார். அவருக்குச் சுருதி என்பது வாழ்நாளில் ஒருமுறைகூடச் சேர்ந்ததில்லை. இளவயதில் ஒரு ஞாயிறு அவர் மனசாரப் பாடிவிட, இறங்க வேண்டிய இடத்தில் ஏறும் அந்தக் குரல் கோயிலின் நடுத்தூணில் ஒரு வாரம் முழுக்க இருந்தது. ஊரே வந்து காதை வைத்துச் சிரித்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் ஃபேகி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். பெனிசிமானி அப்படியே செய்தார். வாயை மட்டும் அசைத்து அசைத்து, கொஞ்ச வருஷத்தில் ஜெபமும் அவருக்கு அப்படியே ஆகிவிட்டது. ஓய்வுநாளை அவர் அளவுக்குக் காவல் காத்தவர் யாரும் இல்லை. அதில் அவர் அளவுக்கு மனசு ஒட்டாமல் இருந்தவரும் இல்லை. அது அவருக்கே தெரியும், யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா லோசலினேயின் மகள் கலிசிதான் இருந்தாள். டோங்காவில் உடன்பிறந்தவளின் பிள்ளை தாய்மாமனுக்கு மேலே. அவள் கேட்டதை மாமன் இல்லை என்று சொல்லக்கூடாது, கேட்காமல் எடுத்தாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. பெனிசிமானியின் புதுப் பாய், தலைநகரத்திலிருந்து வந்த குடை, ஒரு கொழுத்த பன்றி எல்லாம் இப்படித்தான் கைமாறியிருந்தன. கலிசிக்கு அப்போது பத்து வயதிருக்கும். ஊருக்கே அபராதம் போடும் மனுஷனைத் தன் விரலசைவில் வைத்திருப்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அவளை உறுத்திக்கொண்டிருந்தது வேறு ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை கொன்ற மீன் திங்கட்கிழமை உயிரோடு கடலில் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கண்ணால் பார்த்தவர் யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை.

ராணியார் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஒரு ஞாயிறு மத்தியானம், ஆராதனை முடிந்து, மண்ணடுப்பைத் திறந்து, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைப் பொதிகளைத் தின்று தீர்த்துவிட்டு, தீவு வழக்கம்போலத் தூங்கியது. பெனிசிமானி தன் வீட்டுப் பாயில் மல்லாந்து கிடந்தார். கலிசி வந்து கூரையில் செருகியிருந்த பேய்க்கணவாய்த் தூண்டிலை எடுத்தாள். எட்டுக் கைப் பேய்க்கணவாய் எலியைக் கண்டால் பாய்ந்து பிடிக்கும் என்று, கல்லும் சோழியும் கட்டி எலி மாதிரி செய்த தூண்டில் அது.

"மாமா, தூங்கறீங்களா?"

"தூங்கறேன்."

"பாறைத் திட்டு வரைக்கும் போய் ஒரு பேய்க்கணவாய் பிடிச்சுட்டு வரேன். இங்கேயே தூண்ல தொங்க விடுவேன். நாளைக்கு முரசு அடிக்கும்போது அது காணாமப் போகுதான்னு பாக்கணும்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழம."

"அதனாலதானே போறேன். செய்யறது எதுவும் நிக்காதுன்னா, அதுல தப்பு மட்டும் எப்படி நிக்கும்?"

ஊர் அதிகாரியாக அவர் எழுந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். மாமனாக அவரால் முடியாது. இரண்டுக்கும் நடுவில் அவர் கண்டுபிடித்த வழி, குறட்டை விடுவதுபோல் விடுவது. அவள் சிரித்தது காதில் விழுந்தது. வயிறு நிறைந்திருந்ததால் பொய்க் குறட்டை கொஞ்ச நேரத்தில் உண்மையான குறட்டையாகிவிட்டது.

எது எழுப்பியது என்று அவருக்குத் தெரியாது. எழுந்து கரைக்கு வந்தபோது கடல் வற்றி, பாறைத் திட்டுக்கு அப்பால் கால்வாய் மட்டும் கருநீலமாகத் தெரிந்தது. நீரோட்டம் பலமாக இருக்கும் இடம் அது, வளர்ந்தவர்களுக்கு மார்பளவு ஆழம். அங்கே அவள் தலை இல்லை. தூண்டில் கயிறு மட்டும் மிதந்தது. அவர் ஓடினார். பேய்க்கணவாய் ஒரு பொந்துக்குள் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, மீதியால் அவள் கையை முழங்கை வரை சுற்றி இறுக்கியிருந்தது. அவள் கண்கள் திறந்திருந்தன, குமிழி வரவில்லை. அந்தப் பக்கத்து மீனவர்கள் செய்வதுபோல அவர் தலையை முக்கி அதன் இரண்டு கண்களுக்கும் நடுவே கடித்தார். பிடி தளர்ந்தது. கரையில் போட்டு முதுகில் அடித்ததும் அவள் கடலையே கக்கினாள். அப்புறம் மூச்சு விட்டாள், அப்புறம் அழுதாள். செத்த பேய்க்கணவாய் இன்னும் அவள் மணிக்கட்டில் தொங்கியது. யாரோ அதை எடுத்துக்கொண்டு போய், அவள் சொன்னபடியே, பெனிசிமானி வீட்டுத் தூணில் மாட்டினார்கள்.

ஊர் கூடி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, கலிசியைத் தாய் வீட்டில் கிடத்திய பிறகுதான் நொண்டி வாஹாவுக்கு அது தோன்றியது. அவர் தன் காலைத் தடவிக்கொண்டு சொன்னார். "முங்கினது வேலை இல்ல. தூக்கினது வேலை." எல்லோரும் பாயில் கிடந்த கலிசியைத் திரும்பிப் பார்த்தார்கள். பெனிசிமானி வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். அக்கா இருக்கும் வீட்டுக்குள் தம்பி நுழைவது வழக்கமில்லை. அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்கால ஆராதனைக்குப் பதிலாக அன்று கோயிலில் விவாதம்தான் நடந்தது. போதகர் சியோசாயா இளகிய மனசுக்காரர். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடலாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், ஆகவே பயப்பட வேண்டாம் என்றார்.

"தூக்கலாம்னு சொன்னார் போதகரே, ஒத்துக்கறேன்," என்றார் வாஹா. "மறுநாளும் அது மேலேயே நிக்கும்னு சொல்லலையே. நம்ம ஊர்ல ஆடும் இல்ல. போன வருஷம் கிணத்துல விழுந்த பன்னிக்குட்டியத்தான் ஞாயித்துக்கிழம தூக்கினோம். திங்கக்கிழம எங்க மிதந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

கடைக்கார டொமாசி, அவள் பேய்க்கணவாயைப் பிடித்ததும் ஞாயிற்றுக்கிழமை வேலைதானே, அதுவும் செல்லாதல்லவா என்று ஒரு நல்ல கேள்வி கேட்டார். எல்லோரும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அவள் அதைப் பிடித்தது வேறு, அது அவளைப் பிடித்தது வேறு. பேய்க்கணவாய் டோங்காவின் குடிமகன் இல்லை, அதற்கு எந்தக் கிழமையும் கிடையாது, அதன் பிடி செல்லும். படகில் போய்க் காத்திருக்கலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை தள்ளிய படகு முரசு ஒலிக்கும்போது கரையில் இருக்கும், அதில் போனவர்கள் பாயில் இருப்பார்கள். முரசையே அடிக்காமல் விட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். முரசு அடிக்கும் கிழவர், "நான் அடிக்கலேன்னா சேவல் கூவாதா, சூரியன் என்னைக் கேட்டுட்டா வருது?" என்றார். முரசுக்குப் பிறகு கரையிலிருந்து ஓடுவது என்றால், பெனிசிமானி போய்ச் சேர்ந்தபோதே அவளிடம் குமிழி நின்றுவிட்டிருந்தது. அந்தக் கணத்துக்குத்தான் அவள் திரும்பிப் போவாள். ஓடுகிற நேரம் அவளிடம் இல்லை.

லோசலினே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கலிசி தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்க்காமல், போதகரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நாம இங்க பாடற பாட்டு நிக்குதுல்ல?"

"நிக்குதும்மா."

"பாடறவங்க?"

போதகருக்கு விளங்கவில்லை.

"ஞாயித்துக்கிழம ராத்திரி முழுக்க இந்தக் கோயில்ல முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணியிருக்கோம். திங்கக்கிழம முரசு அடிச்சப்போ நாம பாயில போயா விழுந்தோம்? இங்கேயேதானே இருந்தோம். அப்போ கோயிலக் கடலுக்குக் கொண்டு போங்க."

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடலில் ஆராதனை நடத்தத் தலைமைச் சபையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி அவர் நினைவுக்கு வந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்குவது அபராதத்துக்குரிய குற்றம், அதற்கு ஊர் அதிகாரி பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். பெனிசிமானி பதவியேற்ற நாளிலிருந்து ஊரில் ஒருவருக்குக்கூட விட்டுக்கொடுத்தவர் இல்லை. "நீச்சல்தான் குற்றம்," என்றார் அவர். "நிக்கறது நீச்சல் இல்ல."

கடல் மறுபடி வற்றத் தொடங்கிய நேரத்தில் ஊர் கிளம்பியது. ஆராதனை என்றால் ஆராதனைக்கான உடுப்பு வேண்டும். ஆண்களும் பெண்களும் இடுப்புப்பாய் கட்டி, எண்ணெய் தேய்த்துத் தலை வாரி வந்தார்கள். யாரும் எதையும் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை, பாடத்தான் போகிறோம் என்று போதகர் கரையிலேயே சொல்லிவிட்டார். காப்பாற்ற நிற்கிறோம் என்று மனசில் நினைத்தால் அது வேலை. வேலை என்றால் முரசு ஒலிக்கும்போது வீட்டில் இருப்பீர்கள். ஆகவே அவளை மறந்துவிட்டுக் கர்த்தரைப் பாடுங்கள் என்றார். இதைவிடக் கடினமான ஒன்றை எந்தப் போதகரும் எந்தச் சபையிடமும் கேட்டிருக்க மாட்டார். லோசலினே கரையோரத்துத் தன் வீட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். தன்னால் மறக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

நீரோட்டம் இழுத்ததால் கைகோத்து நின்றார்கள். பாய்கள் ஊறிக் கனத்தன. ஃபேகி மார்பளவு தண்ணீரில் ஒரு கையைத் தூக்கித் தாளம் போட்டார், கூட்டுப்பாட்டின் நான்கு குரல்களும் பிரிந்து எழும்பின. பொந்து இருந்த இடம் பெனிசிமானிக்குத்தான் தெரியும், அதனால் அவர்தான் அங்கே நிற்க வேண்டியிருந்தது. பழக்கப்படி அவர் வாயை அசைத்தார். காலடியில் பாறையின் விளிம்பை உணர்ந்தார். அவள் இங்கேதான் வருவாள், இந்த முழங்காலுக்கு நேரே, குனிந்ததும் இடது கையால் தோளைப் பிடிக்க வேண்டும் என்று யோசித்தார். யோசித்ததும் பயந்துபோனார், ஏனென்றால் அது வேலை. அந்த ஊரிலேயே முரசு ஒலிக்கும்போது பாயில் போய் விழப்போகிறவன் தான் ஒருவன்தான், தான் விழுந்தால் அவள் செத்துப்போவாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கர்த்தரிடம் ஏதாவது கேட்கலாம் என்று பார்த்தால், கேட்டுப் பழகி எத்தனையோ வருஷமாகிவிட்டது, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. எனக்கு இது வராது, நீயே பார்த்துக்கொள் என்றார். அவ்வளவுதான் அவர் ஜெபம். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்து பாடினார்.

ஃபேகியின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. இறங்க வேண்டிய இடத்தில் எல்லோரும் இறங்க, அந்த ஒரு குரல் மட்டும் ஏறியது. பக்கத்தில் நின்ற பெண்கள் தடுமாறி, மறுபடி சுருதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நிறுத்தவில்லை. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. பொந்தும் முழங்காலும் இடது கையும் மறந்துபோயின. கிழக்கில் வெளுத்ததையும் அவர் கவனிக்கவில்லை.

முரசு ஒலித்தது. தீவில் ஒன்றிரண்டு ஆணிகள் கழன்று விழுந்தன. கரை வீட்டில் லோசலினேயின் மடி வெறுமையானது. கடலில் நின்ற வரிசையில் அங்கங்கே இடைவெளி விழுந்தது. கடைக்கார டொமாசியும் இன்னும் சிலரும் தங்கள் வீட்டுப் பாயில், உலர்ந்த துணியோடு, கூரையைப் பார்த்தபடி கிடந்தார்கள். டொமாசி பாட்டுக்கு நடுவில், நனைந்த பாயை எங்கே உலர்த்துவது என்று யோசித்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார். நெடுநாள் கடையை அவர் மனைவிதான் திறந்தாள். பெனிசிமானி இருந்த இடத்திலேயே இருந்தார். அவர் முழங்காலில் ஏதோ மோதியது.

இப்போது திங்கட்கிழமை. அவர் குனிந்தார், கடித்தார், தூக்கினார். கைகோத்து நின்றவர்கள் அவளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். முந்தின நாள்போலவே கடலைக் கக்கி, மூச்சு விட்டு, அழுதாள். பிறகு மணிக்கட்டில் தொங்கியதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"மாமா, இது நேத்து செத்ததுதானே?"

"அதேதான்."

"உங்க வீட்டுத் தூண்ல?"

"ஆள் ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்தாச்சு. இல்ல."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல," என்றாள். அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை, கேட்கத்தான் செய்தாள். ஆனால் அதை எடுத்துச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை. லோசலினே ஓடி வந்து மகளை அள்ளிக்கொண்டாள். போகும்போது, வழக்கத்தை மீறி, தம்பியின் ஈரத் தலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுப் போனாள். பேய்க்கணவாயை அன்று மத்தியானம் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தின்றார்கள். இரண்டு தடவை செத்ததாலோ என்னவோ, நல்ல மெத்தென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கி வேலை செய்ததற்காகத் தனக்குத்தானே அபராதம் விதித்துக்கொள்ளப் பெனிசிமானி முயன்றார். அந்த வேலைதான் செல்லாமல் போய்விட்டதே, இல்லாத குற்றத்துக்கு அபராதமா என்று வாஹா வழக்காடி அதைத் தள்ளுபடி செய்ய வைத்தார். அதற்கடுத்த ஞாயிறு கோயிலில் பெனிசிமானி வாயைத் திறந்தே பாடினார். ஃபேகி கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டார். நடுத்தூணில் காதை வைக்க வருபவர்கள் இப்போதும் சிரித்தார்கள், ஆனாலும் வந்தார்கள். பிறகு வந்த தேர்தல்களில் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். சுத்தியல் சத்தத்துக்கு அபராதம் போடுவதையும் அவர் விடவில்லை.

கடலில் பாடிய பாட்டு அங்கேயே நின்றுவிட்டது. கோயிலில் என்றால் அடுத்த ஞாயிறு பழைய பாட்டு இறங்கிவிடும். கால்வாய் ஓரத்தில் அதற்குப் பிறகு ஆராதனை எதுவும் நடக்கவில்லை, இறக்குவதற்கு அங்கே வேறு பாட்டு இல்லை. கடல் வற்றும் நேரங்களில் அந்த இடத்தில் நின்றால், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, நான்கு குரல்களும் முழுசாகக் கேட்கும். படகில் வருபவர்கள் துடுப்பை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, பாட்டில் ஓர் அடி கேட்டுவிட்டு வலையை வீசப் போவார்கள். தன் வாழ்நாளின் சிறந்த பாட்டில் அந்த ஒரு குரல் என்றென்றைக்குமாக ஒட்டிக்கொண்டதே என்று ஃபேகி சாகும்வரை புலம்பினார்.

பெனிசிமானி ஒரு புதன்கிழமை, தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல் இறந்தார். பாடகர் குழு அவருக்காகப் பாடியபோது சுருதி எங்கும் பிசகவில்லை, அதைக் கேட்டுப் பலர் அழுதார்கள். கலிசி அதற்குள் பக்கத்துத் தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அடக்கம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை விடியலில் மகளை அழைத்துக்கொண்டு பாறைத் திட்டுக்கு நடந்தாள். கூரையிலிருந்து எடுத்த எலித் தூண்டில் அவள் கையில் இருந்தது. அதைக் கேட்டு எடுக்க இப்போது ஆள் இல்லை, முன்பும் அவள் கேட்டதில்லை. மார்பளவு தண்ணீரில் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். பாட்டு அதன் வழியில் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் இறங்கும் இடத்தில் ஒரு குரல் ஏறியது.

"யாரும்மா அது, இப்படிப் பாடறது?"

"என் மாமா."

"தப்பாப் பாடறாரு."

"ஆமா," என்றாள் கலிசி. பாட்டு முடியும்வரை இருவரும் நின்றார்கள். பிறகு ஆழமில்லாத பக்கம் வந்து, குனிந்து, பொந்து பொந்தாகப் பேய்க்கணவாய் தேடத் தொடங்கினார்கள். அன்றைக்குத் திங்கட்கிழமை, பிடித்தால் நிற்கும்.